மெத்தைக்கடை மௌனசாமி

இந்த வருஷ லீவுக்கு மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று நான் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாய் நிறைய நுரை. அதனால் சபதம் மனைவிக்குக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி சபதம் எடுக்கிற தைரியமெல்லாம் எனக்குக் கல்யாணமான ஆறாவது மாதமே போய்விட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். நல்ல மனுஷன். மனசு நிறைய அன்பு, வாய் நிறையப் பேச்சு. ஒரு வீடு கட்டினார். அது ஒன்றும் குற்றமில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் வீடு கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் பேசாமல் குடியேறிவிடுகிறார்கள். இவர் குடியேறின நாளிலிருந்து அதைக் கட்டின கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினோரு வருஷமாக என்னுடைய ஏழு நாள் லீவு அவர் வீட்டுக் கூடத்தில்தான் கழிகிறது. முதல் நாள் அஸ்திவாரம். இரண்டாம் நாள் தூண். மூன்றாம் நாள் கொத்தனார் இவரை ஏமாற்றப் பார்த்தது. நான்காம் நாள் இவர் கொத்தனாரை ஏமாற்றினது. இப்படியே போய் ஏழாம் நாள் நான் பெட்டியைத் தூக்குவதற்குள் சுவருக்கு பெயின்ட் அடித்துக் காயவும் வைத்துவிடுவார். நடுவில் கண் அசந்தால் போச்சு. "மாப்ளே, தூங்கிட்டீங்களா? பரவால்ல, மறுபடி அஸ்திவாரத்துலருந்து சொல்றேன்" என்பார்.

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். மெத்தைக் கடையில் சேல்ஸ் மேனேஜர். இருபத்து நான்கு வருஷமாக ஊரையே படுக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். "படுத்துப் பாருங்க சார், உங்க முதுகே நன்றி சொல்லும்" என்று தினம் நாற்பது பேரிடம் நின்றுகொண்டே சொல்கிறேன். ஊழியர்கள் மெத்தையில் உட்காரக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஆக, எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. ஏழு நாள். ஒரு நல்ல மெத்தை. பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. இது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

முடிவெட்டும் கடையில் கிடந்த ஒரு பழைய பத்திரிகையில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நீலக் கடல், குட்டித் தீவு, ரெண்டு மரத்துக்கு நடுவே வலை ஊஞ்சல், அதில் ஒரு ஆள் மல்லாந்து கிடக்கிறான். எனக்குப் பிடித்தது கடல் இல்லை. அந்த ஆளுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து வீடு கட்டிக்கொண்டிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டால் நடக்காது. "எங்க அண்ணன் என்ன நினைப்பாரு?" என்று ஒரே கேள்வி. முடிந்தது. ஆனால் சாமி, பரம்பரை என்று ரெண்டு வார்த்தை சொன்னால் எந்த மனைவியும் மறுபேச்சுப் பேச மாட்டாள் என்பது என் எண்ணம். எண்ணத்தில் தப்பில்லை. மனைவியில்தான் கொஞ்சம் தப்பு.

அவள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கடை தீப்பிடிச்சிடுச்சு, வண்டி ஆத்துல போயிடுச்சு என்று வருகிறவர்களை உட்கார வைத்து விசாரிக்கிற வேலை. யாரையும் பார்த்து "பொய்" என்று ஒரு நாளும் சொன்னதில்லையாம். கேட்பாள். எழுதிக்கொள்வாள். இன்னும் கேட்பாள். வந்தவன் ஆசை ஆசையாகச் சொல்லுவான். கடைசியில் எழுதினதை வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்வாள். அவ்வளவுதான். அவனை அவன் வாயே பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் போய்க் கிணற்றில் விழுந்தேன். அதுவும் விழுவதற்கு முன்னால் ஜாக்கிரதையாக அக்காவுக்கு போன் போட்டுவிட்டு விழுந்தேன்.

"அக்கா, என் பொண்டாட்டி உன்கிட்ட நம்ம குடும்ப வழக்கம் பத்தி ஏதாவது கேப்பா. எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிடு."

"எதைக் கேட்டாலுமாடா?"

"எதைக் கேட்டாலும்."

"டேய், நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சாச்சுக்கா. ஆமா மட்டும் சொல்லு. நீயா ஏதாவது சேத்தா உளறிக் கொட்டிடுவே."

அக்கா சின்ன வயசிலிருந்து என் பேச்சைக் கேட்டதே இல்லை. இந்த ஒரு தடவை கேட்டாள்.

அன்று சாயங்காலம் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஏம்மா, எங்க வம்சத்துல ஒரு வழக்கம் இருக்கு."

"இருபத்திரெண்டு வருஷமா சொல்லலியே?"

"அம்பது வயசு ஆகாம சொல்லக்கூடாது."

"யாரு அப்படிச் சொன்னா?"

"அதையும் அம்பது ஆனப்பறம்தான் சொல்லுவாங்க."

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். அந்த நிமிஷமே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். எங்கே? நமக்குத்தான் வாய் நீளம் ஆச்சே.

"சொல்லுங்க. என்ன வழக்கம்?"

"மூத்த ஆம்பளப் பிள்ளைக்கு அம்பது முடிஞ்சா ஒரு தீவுக்குப் போகணும். ஏழு நாள் கடலைப் பாத்து உக்காரணும். மனசு சுத்தமாகும். முன்னோருங்க ஆசி வந்து சேரும்."

"உங்க தாத்தா போனாரா?"

"போனாரே!"

"எந்தத் தீவு?"

"அந்தக் காலத்துல தீவுக்கெல்லாம் யாரு பேரு வெச்சா?"

"உங்க அப்பா?"

"அப்பா போகல. அவருக்கு லீவு கிடைக்கல. அதனாலதான் நம்ம குடும்பத்துல இவ்வளவு கஷ்டம்."

"என்ன கஷ்டம்?"

நிமிர்ந்து பார்த்தாள். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ராத்திரி சோறு கிடைக்காது. "பொதுவா சொன்னேன்" என்றேன்.

"அங்க போயி எங்க படுப்பாங்க?"

"தரையிலதான்!" என்றேன் கம்பீரமாக. வழக்கம் என்றால் கொஞ்சம் கஷ்டம் இருந்தால்தானே நம்புவார்கள்?

"சாப்பாடு?"

"ஒரு வேளை."

"பேச்சு?"

"மூச்! ஏழு நாளும் மௌனம். போனைக்கூடத் தொடக்கூடாது."

இதுதான் என் ராஜதந்திரம். பேசாதவனிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது பாருங்கள். படுக்கை, சாப்பாடு இதெல்லாம் அங்கே போய் இவள் கண் மறைவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

"பொண்டாட்டி வரலாமா?"

"வந்தே ஆகணும். ஆனா அவளுக்கு ஒரு விரதமும் கிடையாது" என்று பெரிய மனசு பண்ணினேன்.

முழுவதையும் வாசித்துக் காட்டினாள். "எல்லாம் சரிதானே? இங்க ஒரு கையெழுத்து." போட்டேன். அவள் நீட்டின காகிதத்தைப் படித்துப் பார்த்து நான் என்றைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்? அடுத்த நிமிஷம் அவள் மச்சானுக்கு போன் பண்ணி, "அண்ணா, இந்த வருஷம் நாங்க வரலண்ணா" என்று சொன்னது காதில் விழுந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன். உப்பு டப்பா கீழே விழுந்தது. அதற்கும் சேர்த்து ஆடினேன்.

படகு தீவைத் தொட்டதும் என் மௌனம் ஆரம்பம் என்று மனைவி அறிவித்தாள். படகுத்துறையில் விடுதி மேனேஜர் கை கூப்பி நின்றார்.

"வாங்க மௌனசாமி! மேடம் உங்க விரத விதி எல்லாத்தையும் முன்கூட்டியே அனுப்பிட்டாங்க. உங்க கையெழுத்தோட."

எந்தக் கையெழுத்து என்று யோசித்தேன். ஆனால் அறையைத் திறந்ததும் மறந்துபோனேன். ரெண்டு கட்டில். ரெண்டு மெத்தை. கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் கடையின் உச்சபட்ச மாடல்! ஏழு அடுக்கு. ஒன்பது வருஷமாக அதன் பெருமையைப் பேசிப் பேசி விற்றிருக்கிறேன். ஒரு நாள் ஒரு நிமிஷம் படுத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றினேன். ஒரு காலைத் தூக்கினேன்.

நாலு பேர் உள்ளே வந்தார்கள். மெத்தைக்கு ஒரு மூலை ஒருத்தராகப் பிடித்தார்கள். தூக்கினார்கள்.

நான் கையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன். மெத்தையின் ஓரத்தைக்கூட எட்டிப் பிடித்தேன். "சாமி மெத்தையைக்கூட ஆசீர்வாதம் பண்ணித்தான் அனுப்புறாரு" என்றார் மேனேஜர், உருகிப்போய்.

"அதை வெளிய கொண்டுபோக வேணாம்" என்றாள் என் மனைவி.

ஆகா, தாயே!

"என் மெத்தை மேல போட்டுடுங்க. நல்ல பொருள் வீணாப் போகக்கூடாது."

பதினாலு அடுக்கு மேல் அவள் ஏறிப் படுத்தாள். நான் கீழே பாயில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபத்துக்கும் வாய் வேண்டுமே! வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

"வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கா? அதுதாங்க விரதத்தோட மகிமை."

இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"தலை வலிக்குதா? மனசு சுத்தமாகறப்ப அப்படித்தான் இருக்கும்."

மேஜை மேல் இருந்த காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். 'உன்னிடம் ஒரு உண்மை' வரைக்கும் வந்துவிட்டேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எழுதறதும் பேச்சுக் கணக்குதானான்னு உங்க அக்காகிட்ட கேட்டேன். ஆமான்னாங்க. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து கடலுக்குப் போயிடணுமான்னு கேட்டேன். ஆமான்னாங்க. பொண்டாட்டி நல்லா சாப்பிட்டாத்தான் புருஷன் விரதம் பலிக்குமான்னு கேட்டேன். அதுக்கும் ஆமான்னுட்டாங்க. எவ்வளவு தெளிவா பதில் சொல்றாங்க உங்க அக்கா! ஒரு வார்த்தை அதிகம் பேசலியே!"

மறுநாளிலிருந்து என் தவம் ஆரம்பித்தது. கடற்கரையில் ஒரு பெரிய மரம். தென்னை மரத்தடி வேண்டாம், தலையில் தேங்காய் விழும் என்று மனைவியே பார்த்துத் தேர்ந்தெடுத்த மரம். அந்த அளவுக்கு என் மேல் அவளுக்கு அக்கறை. நான் அதன் அடியில். அவள் படகு சவாரி போனாள். கண்ணாடி வழியாக மீன் பார்த்தாள். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடச் சொன்னாள். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னாள். என்ன நிறத்து மீன், எந்தத் தோளில் எவ்வளவு எண்ணெய், மத்தியானம் எத்தனை வகைப் பழம். இருபத்திரெண்டு வருஷத்தில் நான் குறுக்கே பேசாமல் அவள் பேசி முடித்த முதல் தடவை அதுதான். முகத்தில் என்ன ஒரு ஒளி!

மூன்றாம் நாள் மத்தியானம் பசி பொறுக்கவில்லை. அவள் படகில் போயிருந்த சமயம் பார்த்து மெள்ள சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன். தட்டை எடுத்தேன். வறுத்த மீனை நெருங்கினேன். இன்னும் ரெண்டு அடி. அதற்குள் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"எல்லாரும் எந்திரிங்க! சாமி நம்மளைத் தேடி வந்திருக்காரு!"

கூடமே எழுந்து நின்று கும்பிட்டது. கையில் தட்டோடு எப்படி ஆசி கொடுப்பது? தட்டைக் கீழே வைத்தேன். கையைத் தூக்கினேன். கடைசியில் அந்த மீனுக்கும் ஒரு ஆசியைக் கொடுத்துவிட்டு மரத்தடிக்கே திரும்பினேன்.

நான்காம் நாள் காலை நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கடல் பால் மாதிரி அடங்கிக் கிடந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. பசி கூட அசந்து தூங்கிவிட்டது. திட்டுவதற்கு எனக்குள் வார்த்தை தீர்ந்து போய், தலைக்குள் முதல் தடவையாக ஒரு சத்தமும் இல்லை. அப்போது திடீரென்று அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா பஸ் கண்டக்டர். முப்பத்தாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். கடற்கரை வரைக்கும் போகிற பஸ்தான் அவருடையது. தினம் எட்டு தடவை எத்தனையோ பேரைக் கடலுக்கு முன்னால் இறக்கிவிட்டு, விசில் ஊதி, அப்படியே திரும்பி வந்தவர். ஒரு நாளாவது இறங்கிப் போய் உட்கார்ந்திருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதும் இல்லை. 'அவருக்கு லீவு கிடைக்கல' என்று அன்று நான் அளந்துவிட்டேனே, அந்தக் காகிதம் முழுக்க எழுதினதில் அது ஒன்றுதான் நிஜம்.

அழுதேன் சார். ஐம்பது வயசு ஆள், மரத்தடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதேன். கைகூப்பி, "அப்பா, உங்களுக்கும் சேத்து நான் உக்காந்திருக்கேன்" என்று மனசுக்குள் சொன்னேன். யாரோ தோளில் கை வைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே கைதான். மனைவி.

பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, உரித்து, பாதியை என் கையில் கொடுத்தாள். ரெண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டே தின்றோம். அவள் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை என்னவென்று சொல்வது! இவளிடம் போய் இப்படி ஒரு பொய்யைச் சொன்னேனே! மௌனம் உடைந்துவிட்டது.

"ஏய், எல்லாம் பொய்."

"தெரியும்."

"எப்பத்துலருந்து?"

"'ஏம்மா'ன்னு ஆரம்பிச்சீங்களே, அப்பவே. நெஜம் பேசறப்ப நீங்க என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுவீங்க."

"பின்ன ஏன் வந்தே?"

"ஏன், எனக்கு மட்டும் காது இல்லையா? நானும்தான் பதினோரு வருஷமா அஸ்திவாரத்துலருந்து கேக்கறேன்."

பழத்தோலை எடுத்து மணலில் புதைத்தேன்.

"'உங்க அண்ணன் வீடு வேணாம், கடலுக்குப் போலாம் வா'ன்னு ஒரு வார்த்தை நேரா கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? மெத்தையும் உங்களுக்கு, மீனும் உங்களுக்கு. கேட்டீங்களா? தாத்தாவைத் தீவுக்கு அனுப்பினீங்க."

வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வேகத்தில் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன்.

"ஏய், ஆனா இன்னிக்குக் காலையில நடந்தது பொய்யில்ல. அப்பா பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துது. இந்த வழக்கத்தை நெஜமாவே ஆக்கிடுவோமா? வருஷா வருஷம் இதே தீவு, இதே மரத்தடி. அப்பாவுக்காக. பின்னால, ஹாஸ்டல்ல இருக்கற நம்ம பொண்ணுக்கும் சொல்லிக் குடுப்போம்."

அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"அப்பா மேல சத்தியம்."

"மௌனத்தோடயா?"

"மௌனத்தோடதான். அதுலதான்டி எல்லாமே இருக்கு. இப்பதான் எனக்கே புரியுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே கையால் முந்தானைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். நான் சொன்னதை அப்படியே எழுதினாள். வாசித்துக் காட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து." எனக்கு இருந்த மனநிலையில் ரெண்டு இடத்தில் போட்டேன்.

"அப்ப சரி" என்று நோட்டை மூடினாள். "மேனேஜர்கிட்ட மெத்தையை எறக்கிப் போடச் சொல்றேன். மீதி மூணு நாளும் நல்லா சாப்பிட்டுப் படுங்க. அடுத்த வருஷத்துக்கும் இங்கயே சொல்லி வெச்சுடறேன். எங்க அண்ணி துள்ளிக் குதிப்பாங்க."

"உங்க அண்ணியா? அவங்க எங்க வந்தாங்க நடுவுல?"

"அவங்களுக்கும் ரொம்ப நாள் ஆசைங்க. ஏழே ஏழு நாள் அந்த வீடு கட்டின கதையைக் கேக்காம இருக்கணும்னு. பாவம், வருஷம் முச்சூடும் கேக்கறவங்க இல்லையா? அதான் அடுத்த வருஷம் அவங்களும் வராங்க. நானும் அவங்களும் ரூம்ல."

"அப்போ உங்க அண்ணன்?"

"உங்களோட மரத்தடியில. அன்னிக்கு போன்ல உங்க விரதத்தைப் பத்திச் சொன்னதுமே அழுதுட்டாரு. அடுத்த தடவை மாப்ளைக்குத் தொணையா ஏழு நாளும் கூடவே உக்காந்திருப்பேன்னு சொல்லிட்டாரு."

நான் கடலைப் பார்த்தேன். ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல. மௌன விரதம்தானே? அவரும் பேச மாட்டாரு. அப்படித்தானே?"

மனைவி எழுந்து புடவையில் ஒட்டின மணலைத் தட்டிவிட்டாள்.

"மௌனம் உங்க வம்சத்து வழக்கம்தானேங்க? எங்க அண்ணன் பேசுவாரு."